நின்றிருக்கும்போது ஒரு மணி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, இடது கையைத் தொடையோடு ஒட்டவைத்து, கண்ணை மூடாமல் உறுதி கூறுகிறேன். இப்படி நிற்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. உறுதி கூறுகிறவர் எப்படி நிற்க வேண்டும் என்று அங்கே படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த நிலையத்தில் மிஷின் ஓட்டிய சகாயம் என்பவருக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

சுரங்கம் நடந்த காலத்தில் ஆட்கள் போய்வரும் கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்கிய வைண்டிங் எஞ்சின் கட்டடம்தான் இப்போது நிலையம். பெயர்ப்பலகையில் மூன்று மொழிகள் உண்டு. உள்ளே இருப்பவர்கள் நாள் முழுக்கப் பேசும் தமிழ் மட்டும் கிடையாது. எனவே நமக்காக நானே ஒரு பெயர் வைக்கிறேன்: வானூர்தி இணைப்பு உறுதி நிலையம். விமானத்தில் ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பிடிக்கிற போல்ட், ரிவெட் போன்றவை எவ்வளவு இழுத்தால் உடையும் என்று உடைத்துப் பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. அதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த இழுக்கும் மிஷின் ஒன்று கட்டடத்தின் நடுவில், கோயில் மூலவர்போல் நிற்கிறது.

பதினோரு வருஷத்தில் அந்த மிஷினில் ஒரு போல்ட்கூட உடைந்தது கிடையாது.

காரணம் உண்டு. நிலையம் தொடங்கிய முதல் மாதம் ஒரு ரிவெட்டை உடைத்தார்கள். அரசுச் சொத்து சேதமானது ஏன் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. உடைப்பதற்காகத்தான் உடைத்தோம் என்று அப்போதைய இயக்குநர் பதில் எழுதினார். அப்படியானால் வேண்டுமென்றே உடைத்ததை ஒப்புக்கொள்கிறீர்களா என்று அடுத்த கடிதம் வந்தது. அந்த இயக்குநர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கடிதம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்து வந்தவர் துரை. பெயரே துரை, பதவியும் அப்படித்தான். துரை சார் என்று கூப்பிடும்போது பெயரைச் சொல்கிறார்களா, பட்டத்தைச் சொல்கிறார்களா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவர் வந்த வாரமே சிக்கலுக்கு வழி கண்டார். ஒரு போல்ட் நான்கு டன் தாங்க வேண்டும் என்றால் இரண்டு டன் வரைக்கும் இழுப்பது, அங்கே மிஷினை நிறுத்திவைப்பது, மேலே கண்ணாடி அறையில் இருக்கும் துரை போதும் என்று ஒரு மணி அடிப்பது, போல்ட்டைக் கழற்றி, "பாதியைத் தாங்கியது, மீதிப் பாதியையும் தாங்கும் என்று நிலையம் உறுதி கூறுகிறது" என்று எழுதி அனுப்புவது. அந்த மணி, சுரங்கக் குழியான பழைய ஷாஃப்ட்டில் தொங்கிய வெண்கல மணி. பாரம்பரியம் என்று சொல்லித் துரை அதைத் தன் அறை வாசலில் மாட்டியிருந்தார்.

பத்து வருஷம் மிஷின் ஓட்டியவர் கோலாரிலிருந்து வந்துபோன கிரண். அவருக்கு மணி என்றால் பள்ளிக்கூட மணி. அடித்த உடனே சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஆகவே எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிரணுக்கு மாற்றல் வந்ததும், ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சகாயத்தை மிஷினில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாதம் பிழையில்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம் என்று சொன்னார்கள். கன்பார்ம் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்பது வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சகாயம் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்று, "இணைப்பின் உறுதி என் உறுதி, என் உறுதி நிலையத்தின் உறுதி" என்று கையை நீட்டிச் சொல்லிவந்தார்.

முதல் செவ்வாய்க்கிழமை. சின்னப் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கையை உடம்போடு பிடிக்கிற போல்ட். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, நான்கு டன் தாங்க வேண்டும். சகாயம் மிஷினை இரண்டு டன்னில் நிறுத்தினார். மேலே மணி அடித்தது. ஒரு மணி.

இங்கேதான் எல்லாம் கெட்டது. சகாயத்தின் அப்பா ஷாஃப்ட்டில் மணி அடித்த பேங்க்ஸ்மேன். கேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. நின்றிருக்கும்போது ஒரு மணி என்றால் மேலே தூக்கு. அந்த வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் படித்தது அதைத்தான். மிஷின் நின்றிருந்தது. மணி ஒன்று. சகாயத்தின் தலை யோசிப்பதற்குள் கை இழுப்பை மேலே ஏற்றிவிட்டது.

இரண்டே முக்கால் டன்னில் டமார் என்றது.

சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆனாலும் ஊர்க்காரர்களுக்குச் சத்தம் என்றால் ஒன்றுதான், பூமிக்கடியில் பாறை வெடிப்பது. "ராக்பர்ஸ்ட்டு!" என்று கத்திக்கொண்டு அத்தனை பேரும் மேசைக்கு அடியில் போனார்கள். பூமி ஆடவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. கடைசியாக வந்தது துரையின் தலை. அதற்குள் சகாயம் போல்ட்டின் இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். துண்டுகள் இன்னும் சூடாக இருந்தன.

"சார், நாலு டன்னு தாங்கணும்ல. மூணுகூட தாங்கல."

துரைக்குக் காதில் விழுந்தது அது இல்லை. "ஒடச்சிட்டியா?" என்றார், குழந்தையைக் கீழே போட்டுவிட்டாயா என்று கேட்பதுபோல.

அன்று மாலைக்குள் மெமோ வந்துவிட்டது. விசாரணைக் குழுவும் அமைந்தது. தலைவர் துரை. இரண்டாம் உறுப்பினர் மனோகர். கம்ப்யூட்டரில் விமானத்தின் படம் போட்டு எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் பார்க்கிறவர். மூன்றாவதாக வெளியாள் ஒருவர் வேண்டும் என்பது விதி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் தனியாகக் குடியிருந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை ஆட்டோ அனுப்பி அழைத்துவந்தார்கள். அவருக்குக் காது கேட்காது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அவர் அதை மறுத்ததும் இல்லை. மற்றபடி கண்ணியமானவர். பார்ப்பதற்கும் லட்சணமாக இருப்பார்.

"யாரு உன்ன ஏத்தச் சொன்னது?" துரை கேட்டார்.

"நீங்கதான் சார். மணி அடிச்சீங்க."

"நிறுத்தச் சொல்லி அடிச்சேன்யா!"

"நின்னுகினு இருந்தத எப்டி சார் நிறுத்தறது?"

துரை வடைத் தட்டைக் குழுவின் பக்கம் தள்ளினார். பெரியவர் மட்டும் மசால் வடையின் மொறுமொறுப்பான ஓரத்தைக் கடித்தார்.

மனோகர் திரையைத் திருப்பிக் காட்டினார். போல்ட்டின் கழுத்தில் ரத்தம் கட்டினதுபோல் ஒரு சிவப்பு. சகாயத்துக்கு உயிர் வந்தது. "தோ பாருங்க சார், அந்த எடத்துலதான் ஒடஞ்சிச்சி!"

"இருங்கண்ணா, அவசரப்படாதீங்க." மனோகர் ஓரத்தில் இருந்த ஒரு எண்ணை அழித்து வேறு எண் போட்டார். சிவப்பு மஞ்சளானது. இன்னொரு எண். கரும்புத் தோட்டம்போல முழுக்கப் பச்சை. "செவப்பு எந்த நம்பர்ல ஆரம்பிக்கணும்னு நம்மதானே முடிவு பண்றோம்? இப்ப பாருங்க, ஸ்வல்பம்கூட ப்ராப்ளம் இல்ல."

"போல்ட்டு அப்டியேதானே கீது, மனோகரு?"

"போல்ட்டப் பத்தி இப்ப யாருண்ணா பேசனது?"

துண்டுகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று துரை சொன்னார். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மிஷினில் மாட்டி, அரை டன் இழுத்தார்கள். உடையவில்லை. ஆகவே போல்ட் பிரிந்த நிலையிலும் உறுதியாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். முடிவுரையைத் துரை தன் வாயாலேயே சொல்ல, மனோகர் தட்டச்சு செய்தார்: "போல்ட் தானாக உடையவில்லை. இழுத்ததனால் உடைந்தது. இழுக்காமல் விட்டிருந்தால் இன்றும் முழுசாக இருந்திருக்கும். ஆகவே குறை போல்ட்டிடம் இல்லை."

ஒரு துண்டு கைமாறிக் கைமாறிப் பெரியவரிடம் வந்தது. உடைந்த முகத்தில் விரலை வைத்துப் பார்த்தார் அவர். சகாயம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் வெளியாள் அவர் ஒருவர்தான். ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

"இன்னொரு வடை கீதா?" என்று கேட்டார் பெரியவர்.

வெள்ளிக்கிழமை துரை சகாயத்தைத் தனியாகக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, இரண்டு மாதம் காத்திருக்காமல் இப்போதே சகாயத்தின் வேலையை நிரந்தரமாக்கும் ஆணை. தேதி மட்டும் போட வேண்டும். இன்னொன்று வாக்குமூலம்: போல்ட் உடையவில்லை, என் கை தவறிக் கீழே விழுந்து சத்தம் எழுப்பியது.

"போல்ட்டு கன்பார்ம் ஆனாத்தான் நீ கன்பார்ம், சகாயம். ரெண்டும் ஒரே ஃபைல்ல போவுது."

"அந்த விமானத்துல ஆளு ஏறுவாங்களே சார்."

"ஏறட்டுமே! பதினோரு வருஷமா ஏறிகினுதானே கீறாங்க? எவனாவது வந்து கம்ப்ளைண்ட்டு பண்ணானா?"

சகாயம் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து எப்போதும் நீளமாக, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி வைத்து முடியும். அன்றைக்குச் சுழியை விட்டுவிட்டார். அதை ஒரு எதிர்ப்பாக நினைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கதவைத் தாண்டுவதற்குள் அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டார்.

பிறகு குழுவின் மூன்று பேரும் எழுந்து, கையை நீட்டி, அறிக்கையின் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திட்டார்கள். துண்டுகள் நிலையத்துக்குள் இருந்தால் நிலையத்தில் உடைந்த போல்ட் இருப்பதாக ஆகிவிடும். ஆகவே கவரில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பத்திரமாக வைத்திருக்கும்படி மூன்றாவது உறுப்பினரிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரம் மணி அடித்தது. முட்டிபோட்டிருந்த சகாயத்தின் வலது கை தானாக முன்னால் நீண்டு, எதையோ ஏற்றப்போவதுபோல் விரலை மடக்கியது. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். சகாயம் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, நற்கருணை வாங்கப் போகாமல் அப்படியே இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை விழா. மாலை, லட்டு, மைக். துரை பேசினார்.

"நண்பர்களே, பலவீனத்தைக் கண்டுபிடிப்பது ரொம்ப எளிது. எந்தப் போல்ட்டையும் பிடித்து இழுத்தால் அதன் பலவீனம் தெரிந்துவிடும். இழுக்காமல், அதன் பலத்தை மட்டும் பார்ப்பதற்குத்தான் பெரிய மனது வேண்டும். உடைக்கிற மிஷின் உலகத்தில் எல்லாரிடமும் இருக்கிறது. கையில் அப்படிப்பட்ட மிஷினை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஒன்றையும் உடைக்காமல் இருக்கிறோமே, இந்தக் கட்டுப்பாடு வேறு எந்த நாட்டில் இருக்கிறது? இன்று நம் சகாயமும் ஒரு போல்ட்டைப்போல நிலையத்தோடு நிரந்தரமாக இணைகிறார்."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த உவமையின் பொருள் சகாயத்துக்கு மட்டும் விளங்கியது. கையிலிருந்த லட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

மதியம் பெங்களூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதிக்கிற குழுவின் இஞ்சினியர் சுனிதா. பைலட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அளவு குறிப்பவர். வியாழக்கிழமை முதல் பறப்பு. உடைந்ததோடு சேர்ந்து வந்த மற்ற போல்ட்டுகள் இருந்த பெட்டியை சகாயம்தான் தூக்கிவந்து வண்டியில் வைத்தார்.

"நீங்கதானே மிஷின் ஓட்டுறீங்க? சகாயம் அண்ணா?" அந்தப் பெண் சிரித்தாள். "நான் இங்க பக்கத்துல ஆண்டர்சன்பேட்டைதாண்ணா. எங்க தாத்தா உங்க அப்பா மணியிலதான் எறங்கி ஏறுனாராம். மனுஷன் ஒரு நாள்கூட தப்பு மணி அடிச்சது இல்லன்னு இன்னும் சொல்லிகினு இருப்பாரு."

சகாயம் பெட்டியின் மூடியைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"எல்லாம் பேப்பர்ல பாத்தேன். ஆனா பேப்பர விடுங்க. உங்க கையால இழுத்தீங்க இல்ல? புடிக்கும்தானே?"

"கன்பார்ம்மா" என்றார் சகாயம்.

வண்டி, சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டைத் தாண்டி மறையும்வரை அங்கேயே நின்றார். காற்றில் வந்த வெள்ளைத் தூசி கழுத்து மாலையிலும் தலையிலும் படிந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

வீட்டில் மனைவி எலைன் பாயசத்துக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். ஆணையை ஃபிரிட்ஜ் மேல் மாதா படத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்திருந்தாள்.

"இன்னாங்க, கன்பார்ம் ஆயிட்ச்சி, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"போல்ட்டு ஒடஞ்சிட்ச்சி எலைன்."

"கை தவறி விழுந்திச்சின்னு எழுதிக் குடுத்தீங்களே?"

"எழுதிக் குடுத்தேன்."

"அப்ப ஒடஞ்சிச்சா, ஒடயலயா?"

"ஒடஞ்சிச்சி. மத்த போல்ட்டுங்கள எடுத்துகினு போக ஒரு பொண்ணு வந்திச்சி. வியாழக்கெழம அந்த விமானத்துல அதுதான் ஏறப்போவுது. புடிக்குமான்னு என்னயக் கேட்டிச்சி."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

 சகாயம் நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்த விதத்திலேயே எலைனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியை எடுத்துப் பாத்திரத்தின் விளிம்பில் ஓங்கி ஒரே தட்டு தட்டினாள்.

"இது இன்னா மணி?"

"ஒண்ணு."

"நீங்க ஓடிகினு கீறீங்களா, நின்னுகினு கீறீங்களா?"

"...நின்னுகினு."

"அப்ப எழுந்திரிங்க."

மறுநாள் விடிந்தும் விடியாமல் சகாயம் ஸ்டேஷன் பக்கத்துப் பெரியவர் வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. பெரியவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார், பாவம். மேசை டிராயரை இழுத்தால் மேலாகவே கவர் இருந்தது. சகாயம் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினார். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. இந்த இடத்தில்தான் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் கதையை நம்ப மறுக்கிறார்கள். உட்கார இடமும் கிடைத்தது என்றால் மீதிப் பாதியும் எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் கிடைத்தது.

பெங்களூரில் விமானத் தொழிற்சாலையின் வாசலில் உலோகப் பொருள் கொண்டுபோகக் கூடாது என்று காவலாளி தடுத்தார். உள்ளே இருக்கிற மொத்தமும் உலோகம்தானே என்று சகாயம் கேட்டார். நியாயம்தான் என்று காவலாளி ஒதுங்கி, ஒரு சல்யூட்டும் வைத்தார். சுனிதா ஓடிவந்தாள். சகாயம் அவள் கண்ணைப் பார்க்காமல் முத்திரையை உடைத்து, இரண்டு துண்டுகளையும் அவள் கையில் கொட்டினார்.

"நேத்து பொய் சொல்லிட்டேம்மா. ரெண்டே முக்காலுக்கே போயிட்ச்சி."

அவள் அந்த உடைந்த முகத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்குள் விமானத்திலிருந்து எல்லாப் போல்ட்டுகளும் கழன்றன. வியாழக்கிழமைப் பறப்பு ரத்து. குறையைக் கண்டுபிடித்ததற்காக நிலையத்துக்கு விருது வந்தது; துரை அதை வாங்கும்போது, உடைப்பதே எங்கள் மரபு என்று பேசினார். சகாயம் வேலையில் இருக்கிறார். மிஷின் இப்போது நான்கு டன் வரைக்கும் போகிறது. காலையில் வரிசையில் நிற்கும்போது அவர் தலையைக் குனிவதில்லை. எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது.

விசாரணைக் குழுவின் மூன்றாவது உறுப்பினர் என்ற முறையில் ஒரு தகவலை மட்டும் சேர்த்துவிடுகிறேன்: அந்தக் கவர், அரக்கு முத்திரை உடையாமல், இரண்டு துண்டுகளோடு இன்றைக்கும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது.